அரியணையும் காதலும்

பெண்களுக்கென எழுந்த காதல் கணினி ஆட்டங்களுள் முதலாவதாகக் கொள்ளப்படுவது, ஜப்பானின் கோயே நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'ஏஞ்சலிக்'. வரலாற்றுப் போர் ஆட்டங்களுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில், பெண்களைக் கொண்டு அமைந்த 'ரூபி பார்ட்டி' குழு இதைப் படைத்தது.

கதைத்தலைவி ஒரு பள்ளி மாணவி. பேரண்டத்தின் அடுத்த அரசியாவதற்கு ரோசாலியா என்பவளுடன் போட்டியிடுகிறாள். ஒரு கண்டத்தை வளர்த்துக் காட்டி ஆளும் திறனை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு ஒன்பது காவலர்களின் ஆற்றல் தேவை. காதலுக்கு உரியவர்களும் அவர்களே. ஆக, எவரோடு எவ்வளவு நெருங்குவது என்பதே அங்கு அரண்மனை அரசியல்.

காதலை ஏற்றால் அரியணையைத் துறந்தாக வேண்டும். மன்னர்களின் கதைகளில் நாம் அரிதாகவே காணும் இந்நிபந்தனை, பெண்கள் படைத்த ஆட்டத்திலும் நீங்காதது நம்மை உறுத்துகிறது. ஆயினும், காதலை மறுத்து அரசியாகும் முடிவை இவ்வாட்டம் தோல்வியாக எண்ணவில்லை.