கட்டிய கண்ணும் காணாத கண்ணும்

யூனியன்வில்லில் நண்பரொருவர் வீட்டு பேஸ்மென்டில், கண்ணைக் கட்டிக்கொண்டு சிலம்பம் சுற்றிய இளைஞனுக்குக் கைதட்டினோம். ‘எங்கட ஆக்கள் எப்பவோ கண்டது’ என்றார் ஒருவர். எனக்கு உறுத்தியது. கட்டிய துணியை அவிழ்த்துவிடலாம். பார்வையே இல்லாதவனை எந்த வாத்தியார் சேர்த்துக்கொண்டார்?

கானோ ஜிகோரோ 1882இல் தொடக்கிய ஜூடோ, 1988 சியோல் பராலிம்பிக்கில் பார்வையற்றோர் போட்டியாயிற்று. பெண்கள் 2004 வரை காத்திருந்தார்கள் (அது வேறு கதை). விதிமாற்றம் சிறிதுதான்: ஒருவர் அங்கியை மற்றவர் பற்றிய நிலையிலேயே ஆட்டம் தொடங்கும். எதிராளியின் எடை பெயர்வதைப் பிடித்த கையே அறிந்துகொள்ளும். ஒன்ராறியோ, சார்னியாவைச் சேர்ந்த பிரிசில்லா கான்யே 2021இல் டோக்கியோவில் வெள்ளி வென்றார். 2024 பாரிஸில் கபில் பர்மார் வென்ற வெண்கலமே பராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதற் பதக்கம்.

போரில் பார்வையிழந்தவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களில் எவருக்காவது கற்பித்தீரா என்று அந்த இளைஞனைக் கேட்டேன். இல்லை என்றான், இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.