கின்ஷாசா 1974: அந்நிய மண்ணிற் குத்துச்சண்டையும் அதன் நிதிச் சுமையும்

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவரையும் தோற்றவரையும் பற்றியே பேசுவர். அரங்கினை அமைப்பதற்கான பணம் எங்கிருந்து வந்தது, நட்டம் நேரின் அதனைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. 1974 ஒக்ரோபர் 30ஆம் நாள், அன்று சயர் என வழங்கிய கொங்கோவின் தலைநகராம் கின்ஷாசாவில், முகம்மது அலிக்கும் ஜோர்ஜ் போர்மனுக்கும் இடையே நிகழ்ந்த அதிபார உலகப் பட்டப் போட்டி இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

குத்துச்சண்டை ஏற்பாட்டாளரின் தொழில் இயல்பாகவே ஆபத்து மிக்கது. வீரருக்குரிய ஊதியத்தை அவர் முன்கூட்டியே உறுதி செய்தல் வேண்டும். வருமானமோ போட்டி நிகழும் நாளிலேயே தெரியவரும். போட்டி அந்நிய நாட்டில் நடைபெறுமாயின் இந்நிலை மேலும் சிக்கலாகின்றது. அந்நாட்டின் வரிச்சட்டம், நாணயம், போக்குவரத்து, தொலைத்தொடர்பு என்பன யாவும் ஏற்பாட்டாளரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. 1974 மார்ச் மாதம் வெனிசுவெலாவின் கராகஸ் நகரிற் போர்மன் கென் நோர்ட்டனை இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். போட்டி முடிந்ததும் அந்நாட்டு அதிகாரிகள் வருமான வரி கோரி, அது தீரும்வரை வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுத்தனர். மேடையில் இரு சுற்றுக்களில் முடிந்த சண்டை வரி அலுவலரிடத்து நீண்டது.

இத்தகைய அனுபவத்தின் பின்னரும் அடுத்த போட்டி ஆபிரிக்காவுக்குச் சென்றதேன்? விடை ஊதியத் தொகையிலேயே உள்ளது. 1971இல் அலியும் ஜோ பிரேசியரும் மோதியபோது இருவரும் தலைக்கு 25 இலட்சம் டொலர் பெற்றனர்; அக்காலத்தில் அது பெருந்தொகை. மூன்றாண்டுகளின் பின் டொன் கிங் என்னும் புதிய ஏற்பாட்டாளர் அலிக்கும் போர்மனுக்கும் தலைக்கு 50 இலட்சம் டொலர் தருவதாகக் கூறி இருவரின் ஒப்புதலையும் பெற்றார். கையொப்பம் அவரிடம் இருந்தது, பணம் இருக்கவில்லை. இலண்டனைச் சேர்ந்த ஹெம்டேல் நிறுவனம் ஒரு பங்கினை ஏற்றது. பெருஞ்சுமையை ஏற்க முன்வந்தது சயர் அரசாகும். ரிஸ்னீலியா எனும் முதலீட்டு நிறுவனத்தின் ஊடாக அப்பணம் வழங்கப்பட்டது.

1965இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு, 1971இல் நாட்டின் பெயரைச் சயர் என மாற்றியவர். தம் பெயரும் நாட்டின் பெயரும் உலகெங்கும் ஒலித்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். வணிகர் இலாபத்துக்காகச் செலவிடுவர். அரசோ இங்கு புகழுக்காகச் செலவிட்டது. எந்த வணிகரும் தனித்து ஏற்கத் தயங்கிய ஆபத்தினை அரசு ஏற்றமைக்கான காரணம் இதுவே.

அடுத்து, சந்தை எங்கே இருந்தது என்பதை நோக்குதல் வேண்டும். மே 20 விளையாட்டரங்கில் ஏறத்தாழ 60,000 மக்கள் கூடினர். ஆயினும் உண்மையான சந்தை அவர்களன்று. அமெரிக்க நகரங்களின் திரையரங்குகளிற் கட்டணம் செலுத்தி நேரடி ஒளிபரப்பைக் காண்போரே பெருவருமானம் தரவல்லவர்கள். அவர்களின் வசதிக்காகப் போட்டி கின்ஷாசாவில் அதிகாலை 4 மணியளவில் தொடங்கியது. அவ்வேளை நியூயோர்க்கில் முன்னிரவு 10 மணி. செலவு செய்தது ஆபிரிக்க நாடு, கடிகாரம் அமெரிக்காவினுடையது. தம் தலைநகரிலேயே நிகழ்ந்த போட்டிக்காக அம்மக்கள் இராப்பொழுதெல்லாம் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

எதிர்பாராத விபத்தும் நேர்ந்தது. போட்டி முதலிற் செப்ரெம்பர் 25ஆம் நாளுக்கே குறிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் பயிற்சியின்போது போர்மனின் கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம் ஏற்படவே, ஐந்து வாரங்கள் பிற்போட நேர்ந்தது. போட்டியுடன் இணைத்துத் திட்டமிடப்பட்ட இசைவிழாவைப் பிற்போட இயலவில்லை. ஜேம்ஸ் பிரவுண், மிரியம் மகேபா முதலிய கலைஞர்கள் பங்குகொண்ட அவ்விழா செப்ரெம்பர் 22 முதல் 24 வரை நடைபெற்றது. போட்டியைக் காண வருவர் என எதிர்பார்க்கப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வரவில்லை. விழாவையும் போட்டியையும் படம்பிடித்த லியோன் காஸ்ட் பணச் சிக்கலாலும் உரிமைச் சிக்கலாலும் தமது ஆவணப்படத்தை 1996இலேயே திரைக்குக் கொண்டுவர முடிந்தது. ஒரு காயத்தின் விலை எத்தனை கணக்கேடுகளிற் பதிவாகின்றது என்பதற்கு இது சான்று.

எட்டாஞ் சுற்றில் அலி வென்றார். வீரர் இருவரும் பேசிய ஊதியத்துக்கு உரியவராயினர். கிங் உலகறிந்த ஏற்பாட்டாளரானார். 1975 யூலையில் கோலாலம்பூரிலும் ஒக்ரோபரில் மணிலாவிலும் அலி போட்டியிட்டார். அந்நிய அரங்கிற் போட்டி நடத்தும் வழி நிலைபெற்றது. சயருக்குக் கிடைத்ததென்ன? உலகப் பத்திரிகைகளில் அதன் பெயர் பொறிக்கப்பட்டது. அதே ஆண்டில், அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பெரும்பங்கினை அளித்த செம்பின் விலை உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. 1975இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்த இயலாத நிலை தோன்றியது. 1976இற் கடன்கொடுத்த நாடுகளுடன் மறுசீரமைப்புப் பேச்சு நடத்த நேர்ந்தது. இந்நெருக்கடிக்குப் போட்டியே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது; செம்பின் வீழ்ச்சியோடும் ஆட்சியின் ஊதாரித்தனத்தோடும் ஒப்பிடுகையில் அது சிறு செலவே. ஆயின் அவ்வாட்சியின் செலவு முறைக்கு அது தெளிவானதோர் அடையாளம்.

அன்றிரவு அரங்கில் எழுந்த ஆரவாரம் பொய்யன்று. குடியேற்ற ஆட்சியிலிருந்து 1960இல் விடுபட்ட மக்கள், தம் மண்ணிற் கறுப்பின வீரர் இருவர் உலகப் பட்டத்துக்காக மோதியதைக் கண்டு பெருமிதம் எய்தினர். அப்பெருமிதத்தை இழிவாக எண்ணுதல் தகாது. எனினும் ஏற்பாட்டாளர் தம் ஆபத்தினை அரசின்மீது ஏற்றினார். அரசு அதனை மக்கள்மீது ஏற்றியது. மக்கள் அதனை வேறெவர்மீதும் ஏற்ற இயலாது. அவர்களைக் கேளாமலே அவர்கள் பெயரிற் செலவிடப்பட்ட பணம் அது. வெற்றியாளரின் பெயரை எழுதும் வரலாறு இக்கணக்கையும் எழுதுதல் வேண்டும்.