வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

ஃப்ளாட் வாங்கப் போனால் பில்டர் இரண்டு படம் காட்டுவார். அறைகள் எங்கெங்கே என்று பிளான், வெளியிலிருந்து பார்த்தால் எப்படி என்று எலிவேஷன். மூன்றாவதாக ஒன்று உண்டு: செக்‌ஷன். கேக்கை வெட்டுவதுபோல் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி உள்ளே காட்டுவது. அதை நம்மவர்கள் யாரும் கேட்பதே இல்லை. அகமதாபாத்தில் வரைபடங்களோடு குப்பை கொட்டும் எனக்கு அதன்மேல்தான் பிரியம் அதிகம்.

இந்த மூன்றும் சேர்ந்தே வேண்டும் என்று சொன்னவர் ஓவியர் ரஃபேல். 1519 வாக்கில் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில், தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும் படத்திலிருந்து சரியான அளவு எடுக்க முடியாது என்கிறார். நியாயம்தானே? 1570-ல் புத்தகம் போட்ட பல்லாடியோ அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரே படத்தில் பாதி வெளித்தோற்றம், பாதி வெட்டுத்தோற்றம், கூடவே அளவுகள். கொத்தனாருக்கு உதவும் படம்.

1784-ல் பிரான்சின் புல்லே வேறு வழியில் போனார். நியூட்டனுக்கு ஒரு பிரம்மாண்ட உருண்டை நினைவிடம். கட்டவே இல்லை, படம் மட்டும்தான். ஆனால் அந்த ஒரே கட்டடத்துக்கு இரண்டு செக்‌ஷன்: வெளியே பகலானால் உள்ளே துளைகள் வழியே நட்சத்திரம், வெளியே இரவானால் உள்ளே விளக்கொளி. அளவோடு நேரமும் படத்துக்குள் வந்துவிட்டது.

இங்கே பக்கத்தில் அடாலஜ் படிக்கிணறு, 1499-ல் முடிந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எல்லோரும் கூட்டிப்போகிற இடம். தரைக்குமேல் அதற்கு முகமே கிடையாது. எலிவேஷன் வரைந்தால் ஒன்றும் தேறாது. ஐந்து அடுக்கு ஆழத்தைச் செக்‌ஷன்தான் சொல்லும். பாட்டனின் ராணி கி வாவும் அப்படியே. 2018-ல் வந்த நூறு ரூபாய் நோட்டில் இருக்கிறதே, அதுதான். நீளம் 64 மீட்டர், ஆழம் 27 மீட்டர். நோட்டுப் படத்தில் அந்த ஆழம் பிடிபடாது.

நான் பார்த்த பல அழகான படிக்கிணற்றுச் செக்‌ஷன்களில் தூண், சிற்பம், நிழல் எல்லாம் இருக்கும். தண்ணீர் மட்டம் மட்டும் இருக்காது! மழைக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கும் தண்ணீரை எட்டத்தானே அத்தனை படிகள்? புல்லே மாதிரி இதற்கும் இரண்டு படம் வேண்டும்: ஆவணிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. மூன்றாவதாக இன்றைய நிலத்தடி நீரையும் வரைந்தால், வட குஜராத்தில் பல ஊர்களில் அந்தக் கோட்டுக்குக் காகிதம் பத்தாது.

அடுத்த தடவை பில்டரிடம் போர்வெல் வரைக்கும் வெட்டின செக்‌ஷன் ஒன்று கேளுங்கள். அவர் முழிப்பதைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும் :-)