வன்னி நாவலும் கடினமான மொழியும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் வாசகருக்குத் தடையாக நின்றது ஏட்டுக்கல்வியின் மொழி. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885), திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) ஆகியவை வெளிவந்த நாளில் உரைநடையில் சந்தி பிரிக்காத நெடுவாக்கியங்களும் வடசொற் பெருக்கும் மிகுதி. இன்றைய வாசகர் அந்நடையோடு மல்லுக்கட்டி அக்காலக் கற்றோரின் எழுத்துப் பழக்கத்தை அறியலாம். கதைமாந்தரின் குரல் அதில் அரிதாகவே காதில் விழும்.

1960களின் தொடக்கத்தில் பேச்சுத்தமிழை இலக்கியத்தில் ஆளலாமா என்பதில் பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் மோதினர். மரபுப் போராட்டம் என்று இது அறியப்படுகிறது. பண்டிதர் 'இழிசனர் வழக்கு' என்று தள்ளியதை விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரின் அணி மக்கள் மொழியாக ஏற்றது. பேச்சுமொழி நாவலில் நிலைபெற்றது. அதனுடன் கடினம் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. கற்றவருக்கு இப்போது கல்லாதவரின் சொல் விளங்கவில்லை.

இந்த மாற்றம் வட இலங்கையின் வன்னிக்கு வந்தது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யோடு. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து சாகித்திய விருது பெற்ற இந்நாவலின் களம் முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பு. குளக்கட்டு, துருசு, அலைகரை, முதிரை, பாலை, மரை, குழுமாடு என்று காடும் குளமும் சார்ந்த சொற்கள் இல்லாமல் நாயகி பதஞ்சலியின் வாழ்வையோ அவள் கணவன் கதிராமனின் உழைப்பையோ சொல்ல முடியாது. தந்தையின் வீட்டை விட்டு வந்து காடு வெட்டிக் குடியமரும் அவனுக்கு எந்த மரம் எதற்கு உதவும் என்பது உயிர்வாழும் அறிவு. ஊருக்குப் புதியவரான ஆசிரியர் சுந்தரலிங்கத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது பாலமனோகரனின் நுட்பம். அவர் காட்டை அறிந்துகொள்ளும்போது வாசகரும் கூடவே அறிந்துகொள்கிறார். அகராதி தேடும் வேலையில் பாதியை நாவலே செய்துவிடுகிறது.

1984 டிசம்பரில் முல்லைத்தீவின் எல்லைக் கிராமங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டன. தண்ணிமுறிப்பும் அவற்றுள் ஒன்று. ஊர் கலைந்தால் அதன் தொழிற்சொற்களும் சிதறும். அதன் பிறகு 'நிலக்கிளி'யின் மொழி அம்மண்ணின் ஆவணமாகவும் ஆயிற்று. அச்சொற்களுக்காக வாசகர் செலவிடும் நேரம் முழுவதும் நாவலுக்குள்ளேயே பயன் தருகிறது.

வன்னியிலேயே கிளிநொச்சிக் குடியேற்ற வாழ்வை எழுதிய தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' (2004) ஒப்பளவில் எளிது. வயலும் வாய்க்காலும் தமிழர் பலரும் அறிந்தவை. போருக்குப் பிந்தைய நாவல்கள் மற்றொரு சொற்றொகுதியைக் கொணர்ந்தன. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' (2014) ஆகியவை காட்டும் உலகில் பங்கர் (பதுங்குகுழி), செல் (எறிகணை), கிபிர் (போர்விமானம்) ஆகியவை சிறுவரும் அறிந்த அன்றாடச் சொற்கள். தமிழ்நாட்டு வாசகருக்கும் புலம்பெயர் நாட்டில் பிறந்தவருக்கும் அவை விளக்கம் வேண்டுபவை.

எல்லாக் கடினமும் மதிப்புக்குரியதன்று. வட்டாரச் சொல்லை அணியாகக் குவிக்கும் எழுத்து, வடசொல்லைக் குவித்த பழைய நடையின் மறுபக்கமே. அச்சொல்லை எடுத்துவிட்டுப் பொதுச்சொல்லை இட்டாலும் காட்சி குறையாதெனில் வாசகரின் உழைப்பு வீண். துருசு அப்படிப்பட்ட சொல் அன்று. துருசைத் திறந்து குளத்து நீரை விடும் கையில்தான் வயல்களின் போகம் இருந்தது.

நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இன்று 'நிலக்கிளி' எவருக்கும் கிடைக்கிறது. வன்னியின் முதிய கமக்காரரிடமும் வேட்டையாடியவரிடமும் கேட்டுத் தொகுத்த சொற்பொருளுடன் ஒரு பதிப்பு வருமானால், நாவலின் ஒரு சொல்லையும் மாற்றாமலே அயலாரும் அதைப் படிக்கலாம்.