சரிவில் போட் ட்ரெய்லரைக் கையால் தள்ளப்போறீங்களா? முதல்ல முட்டுக்கட்டையைத் தேடுங்க!

சமதரையில் ஒரு சின்ன போட் ட்ரெய்லரைத் தள்ளுறது பெரிய விஷயமே இல்லை. டயர்ல காத்து சரியா இருந்தா, ரெண்டு பேர் பேசிக்கிட்டே தள்ளிட்டுப் போயிடலாம். அதே நம்பிக்கையோட சரிவுல கால் வைக்கும்போதுதான் சிக்கல். ஏரிக்கரையோ, படகு இறக்குற சாய்தளமோ, தரை சரிய ஆரம்பிச்ச அந்த இடத்துல இருந்து, நீங்க ட்ரெய்லரைத் தள்ளலை. அதுதான் உங்களைத் தள்ளுது.

சின்னதா ஒரு கணக்கு பார்ப்போம். 14 அடி ஃபைபர் போட் 150 கிலோ, ட்ரெய்லர் 100 கிலோ, இன்ஜின், பெட்ரோல் டேங்க், நங்கூரம் எல்லாம் சேர்ந்து 50 கிலோனு வெச்சுக்குவோம். மொத்தம் 300 கிலோ. சமதரையில் இதை நகர்த்த 5 முதல் 10 கிலோ விசை போதும். 8 அடி நீளத்துக்கு 1 அடி இறங்குற சரிவுல, சுமார் 37 கிலோ கீழ்நோக்கி இழுத்துக்கிட்டே இருக்கும். 4 அடிக்கு 1 அடின்னா 70 கிலோவைத் தாண்டும். நீங்க மூச்சு வாங்க நிக்கிற நேரத்துலயும் அந்த இழுவை நிக்காது. கை நழுவி 8-க்கு 1 சரிவுல 10 மீட்டர் ஓடினா, அடியில போய்ச் சேரும்போது வேகம் மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர். கேட்க சைக்கிள் வேகம்தான். ஆனா, வர்றது 300 கிலோ.

சரிவு எவ்வளவுனு கண்ணால கணிக்காதீங்க, கண்ணு ஏமாத்திடும். நேரான ஒரு பலகையைத் தரையில் சரிவு பார்த்து வெச்சு, மேல போனை வைங்க. லெவல் ஆப் 7 டிகிரி காட்டினா, அதுதான் 8-க்கு 1. அந்த அளவைத் தொட்டாலே கயிறு இல்லாம இறங்கக்கூடாதுங்கிறது என் கருத்து. 14 டிகிரின்னா அது கையால செய்ற வேலையே இல்லை, வண்டியை வரச் சொல்லுங்க.

தேர் சொல்லித்தரும் பாடம்

நம்ம ஊர்த் தேரோட்டத்துல எல்லாரும் வடம் பிடிக்கிறவங்களைத்தான் பார்ப்போம். சக்கரத்துப் பக்கத்துலயே நடந்து வந்து, மரக்கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துறதும் திருப்புறதும் முட்டுக்கட்டை போடுறவங்கதான். 'முட்டுக்கட்டை போடாதே'னு திட்டுறதுக்கு மட்டும் இந்த வார்த்தையைப் பயன்படுத்துற நாம, சரிவுல அதை நிஜமாவே போடணும்.

சாய்வா அறுத்த மரக்கட்டை ரெண்டு போதும். ரெண்டு சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கமா வைக்கணும். உயரம் சக்கரத்து விட்டத்துல கால் பங்காவது இருந்தா நல்லது. செங்கல் வேண்டாம், பொடிஞ்சுடும். உருண்டைக் கல்லும் வேண்டாம், சக்கரத்தோட சேர்ந்து அதுவும் உருளும். கட்டையில நீளமா ஒரு கைப்பிடி அடிச்சுட்டீங்கன்னா, குனிஞ்சு சக்கரத்துக்கு அடியில விரலைக் கொடுக்க வேண்டியதில்லை. சின்ன ட்ரெய்லர் பலதுலயும் பிரேக்கே கிடையாது. அதனால, இந்தக் கட்டைதான் உங்க பிரேக்.

ஆளுங்க எங்கே நிக்கணும்? எப்பவும் மேட்டுப் பக்கம். ட்ரெய்லரோட மூக்கு, அதாவது காரில் மாட்டுற முன்பக்கக் கம்பி, ஏறும்போதும் சரி இறங்கும்போதும் சரி, மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். 'நான் கீழ நின்னு தாங்கிக்கிறேன்'னு ஒருத்தர் கண்டிப்பா முன்வருவார். அந்த நல்ல மனசுக்காரரைத்தான் முதல்ல அப்புறப்படுத்தணும்.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. மாட்டுவண்டிக்காரங்க முன்பாரம், பின்பாரம்னு சொல்வாங்களே, அதேதான். மூக்கு மேட்டைப் பார்க்கும்போது பாரம் பின்னால சாயும். பின்னால இன்ஜினும் தொங்கினா, பிடிச்சிருக்கிற கம்பி சட்டுனு மேலே எகிறி தாடையைப் பதம் பார்க்கும். இன்ஜினைக் கழற்றித் தனியா எடுத்துட்டுப் போங்க, நங்கூரத்தை முன்பக்கம் மாத்துங்க. போட்டை ட்ரெய்லரோட கட்டியிருக்கிற பட்டையைத் தண்ணி தொடுற வரைக்கும் அவிழ்க்காதீங்க. சைக்கிள் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இறக்கலாம்னு தோணும். வேண்டாம், குறுக்கே திரும்பினா குடைசாயும்.

கயிறு இருந்தா பாதி பாரம் குறையும்

மேட்டுல நல்லா வேர்விட்ட மரமோ, கான்கிரீட் தூணோ இருக்கானு பாருங்க. கேட்டும் லைட் கம்பமும் கணக்குல சேராது. கயிற்றின் ஒரு முனையை ட்ரெய்லர் சட்டத்துல கட்டணும். ஜாக்கி வீல்லயோ, போட்டு மேல இருக்கிற வளையத்துலயோ கட்டக்கூடாது. மறுமுனையை மரத்துல மூணு சுற்று சுத்தி, ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடணும். மரத்துக்கும் கயிறுக்கும் நடுவுல இருக்கிற உராய்வே பெரும்பகுதி இழுவையைத் தின்னுடும், பிடிக்கிறவர் கைக்கு வர்றது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகக்கூட கயிற்றைக் கையில சுத்திக்காதீங்க. நைலான் கயிறு இழுபட்டு அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும், அதனால கயிறு போற கோட்டுல யாரும் நிக்கக்கூடாது. ட்ரெய்லர் மூக்குல இருக்கிற வின்ச், போட்டை ட்ரெய்லர் மேல ஏத்துறதுக்கு. ட்ரெய்லரையே மேட்டுல இழுக்க அதை நம்பாதீங்க.

கட்டளை ஒரே ஆள் வாயிலிருந்துதான் வரணும். அவர் "கட்டை"ன்னு சொன்னா கேள்வி கேட்காம கட்டை விழணும். ஏறும்போது ரெண்டடிக்கு ஒருமுறை கட்டையை நகர்த்தி, அதுல சக்கரத்தை நிறுத்தி இளைப்பாறுங்க. கால்ல ஹவாய் செருப்பு வேண்டாம், முக்கியமா தண்ணி ஓரத்துல. பாசி பிடிச்ச கான்கிரீட், எண்ணெய் தடவின மாதிரிதான் இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கீழே இருக்கிற குழந்தைங்க, பைக், செல்ஃபி எடுக்கிறவங்க எல்லாரையும் ஒதுக்கிடுங்க. ஏன்னா, கைமீறிப் போனா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்... விட்டுடணும். சத்தம் கொடுத்துட்டு, பக்கவாட்டுல விலகிடுங்க. ஃபைபர்ல விழுற ஓட்டையை அடைச்சுக்கலாம். ஓடுற ட்ரெய்லரைக் காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தா, போறது முழங்கால்.

திரும்ப மேலே ஏத்தும்போது ஒரு வேலை பாக்கியிருக்கு. போட்டைத் தண்ணியை விட்டு வெளியே எடுத்ததும், கட்டை போட்டு நிறுத்திட்டு, பின்னால இருக்கிற அடைப்பானைத் திறந்துவிடுங்க. உள்ளே 50 லிட்டர் தண்ணி தேங்கியிருந்தா, அது 50 கிலோ. முழுசா வடிஞ்ச பிறகு கயிற்றைப் பிடிங்க.