கேட்பதா, அதட்டுவதா?

பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது. பணிவாகக் கேட்டாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்றால் 'கொடுத்தே ஆகவேண்டும்' என்று அதட்டிக் கேட்பது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

1066ல் பிரான்சின் நார்மண்டியை ஆண்ட வில்லியம், இங்கிலாந்தைப் பிடித்து அரசரானார். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். வழக்கை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்ற சட்டம் வந்ததே 1362ல். அதற்குள் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்தில் புகுந்துவிட்டன. வழக்காடுபவர் உரிமை கோருவதைக் குறித்த 'டிமாண்ட்' அந்தக் கறார்ப் பொருளோடே அங்கு தங்கிவிட்டது. பிரான்சில் அது சாதாரணப் பேச்சுச் சொல்லாகவே நின்றது.

இப்படி இன்னும் பல உண்டு. பிரெஞ்சில் 'லிப்ரெரி' புத்தகக் கடை; ஆங்கில 'லைப்ரரி' நூலகம். 'ஆக்துவெல்மான்' என்றால் இப்போது. 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தாலே பிரெஞ்சில் 'அசிஸ்தே'. ஆங்கிலத்தில் 'அசிஸ்ட்' என்றால் கூடமாட உதவியிருக்க வேண்டும்.

எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இது வெறும் இலக்கண விஷயமல்ல. 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 ஒப்பந்தப்படி, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் கொடுத்து, ஆங்கிலத்தையும் அனுமதித்தது. பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டிய காலம் வந்தது.

நான் எழுத்தராக இருந்தபோது அப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, குடும்ப ஓய்வூதியத்தை 'டிமாண்ட்' செய்வதாக எழுதியிருந்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, இது பிரெஞ்சு வழக்கு. அந்த அம்மா பணிவாகத்தான் கேட்கிறார்" என்று கோப்பில் குறிப்பு வைத்தேன். மனு நகர்ந்தது. ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோக இருந்தது.

ஓய்வுக்குப் பின் திருவேங்கடத்துக்கு வந்தேன். இங்கே கிராமக் கணக்கில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் 'டிமாண்ட்' என்று எழுதிய வரிப் பாக்கிக்கு நம்மவர்கள் வைத்த சொல் 'கேட்பு'. அதட்டலை உதறிவிட்டு, பிரெஞ்சுக்காரர் மனதில் வைத்த பொருளைத் தமிழ் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது!

பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினால், கேட்க வேண்டிய இடத்தில் 'ரிக்வெஸ்ட்' போடச் சொல்லுங்கள்.