இலௌகிக சங்கமும் தத்துவ விவேசினியும்

தமிழகப் பகுத்தறிவு இயக்க வரலாற்றை 1925இல் தோன்றிய 'குடி அரசு' இதழிலிருந்து தொடங்குவதே நம்மிடையே வழக்கம். அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே சென்னையில் இலௌகிக சங்கம் என்றோர் அமைப்பு இயங்கியது. அதன் சார்பில் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழ் வெளிவந்தது.

இச்சங்கத்தார்க்கு ஊக்கம் தந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா. நார்தாம்ப்டன் மக்கள் 1880இலேயே தேர்ந்தெடுத்தும், கடவுள் பெயரால் உறுதிமொழி ஏற்பது பற்றிய பூசலால் 1886இல்தான் அவர் நாடாளுமன்றத்தில் தடையின்றி அமர முடிந்தது. எனினும், சென்னையார் அவரை மொழிபெயர்த்ததோடு நின்றாரல்லர். சாதி, சடங்கு, குழந்தை மணம், கைம்பெண் நிலை என இம்மண்ணின் சிக்கல்களையே எடுத்துக்கொண்டனர். செங்கற்பட்டுப் பகுதியில் மிராசுதாரர்க்கு எதிராக உழவர் பக்கம் நின்று எழுதிய அத்திப்பாக்கம் வெங்கடாசலனாரும் இவ்வட்டத்தவரே.

கவிஞர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'செக்யுலர்' என்பதை அவர்கள் 'இலௌகிகம்' என்றனர். நாம் 'மதச்சார்பின்மை' என்கிறோம். முன்னது இவ்வுலக வாழ்வைச் சுட்டுகிறது. பின்னதோ மதத்தைச் சொல்லியே அதை மறுக்கிறது. வடசொல்லேயாயினும் முன்னதே செறிவுடையதாக எனக்குப் படுகிறது.

பேராசிரியர் வீ. அரசு இவ்விதழ்களைத் தேடித் தொகுத்து 2012இல் வெளியிட்டமையால், குன்னத்தில் இருந்துகொண்டே இவற்றைப் பயில முடிகிறது. நம் வட்டத்தின் பத்தாண்டு அழைப்பிதழ்களும் கவியரங்கக் கையெழுத்துப்படிகளும் இன்னும் உறுப்பினர் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கின்றன. இவ்வாண்டே அவற்றை ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கலாம்.